நான் யூடியூபர் ஆவேன்



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நான் கொடுக்கும் கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று, ‘என் எதிர்கால ஆசை’. நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் இத்தலைப்பில் வரும் கட்டுரைகளைப் படிக்காமலேயே திருத்திவிடலாம். மருத்துவர், ஆசிரியர், காவல்துறை அதிகாரி, விமானி. இந்நான்கையும் தாண்டி ஐந்தாவது ஒன்றைக் காண்பது அரிது. மருத்துவராக விரும்பும் எல்லாரும் ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்போம் என்று தவறாமல் எழுதியிருப்பார்கள்!

2024-ஆம் ஆண்டு அதே தலைப்பைக் கொடுத்தேன். வகுப்பில் 22 மாணவர்கள். அவர்களுள் 6 பேர் யூடியூபர் ஆவோம் என்று எழுதியிருந்தார்கள். இன்னும் மூவர் டிக்டாக்கில் புகழ்பெறுவோம் என்றார்கள். ஆசிரியராக விரும்பியவர் ஒருவரே. அவரும் ‘விடுமுறை நிறைய கிடைக்கும்’ என்று காரணம் காட்டியிருந்தார்!

ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சிரித்தோம். பின்னர் வழக்கம்போல் காலம் கெட்டுவிட்டது என்று வருந்தினோம். அந்தச் சிரிப்பும் வருத்தமும் ஒன்றுசேர்ந்த மனநிலையில்தான் திருத்தத் தொடங்கினேன். ஒரு மாணவனின் கட்டுரையின் கீழே சிவப்பு மையால், ‘இது தொழிலன்று. முதலில் ஒழுங்காகப் படி’ என்று எழுதினேன்.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அடுத்த வாரம் பெற்றோர் சந்திப்பு நாள். அந்த மாணவனின் தாயார் வந்திருந்தார். மதிப்பெண்களைப் பார்த்தார், கையொப்பமிட்டார். எழுந்தவர் மீண்டும் அமர்ந்தார். பையிலிருந்து கட்டுரை நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“டீச்சர், தப்பா நினைச்சிக்காதீங்க. தொழில் இல்லன்னு எழுதியிருக்கீங்க. நாலு வருசமா எங்க வீடு இதுலதான் டீச்சர் ஓடுது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விளக்கினார். 2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அவர் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்புச் செய்தார்கள். வீட்டில் முறுக்கு சுட்டு விற்கத் தொடங்கினார். முதலில் தாமானில் உள்ளவர்கள் மட்டும் வாங்கினார்கள். பிறகு மகன் அவருடைய திறன்பேசியை எடுத்து, மாவு பிசைவதையும் உரலில் பிழிவதையும் எண்ணெயில் முறுக்கு சிவந்து வருவதையும் படமெடுத்து முகநூலிலும் டிக்டாக்கிலும் அவர் கணக்கில் போட்டான். ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கேட்டு வாங்க ஆள் வந்தது. தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதங்களில் மட்டும் போஸ் லாஜுவில் நாளொன்றுக்கு இருபது பொட்டலங்கள் அனுப்புகிறாராம்.

“அவன் முகத்த மட்டும் காட்டவே மாட்டான் டீச்சர். என் கை மட்டும்தான் தெரியும்” என்றார்.

நோட்டைத் திறந்து மறுபடியும் படித்தேன். ஆம், அவன் அதை எழுதியிருந்தான். ‘என் காணொளியில் என் முகம் தெரியாது. அம்மாவின் கைகள் மட்டும் தெரியும்.’ முதன்முறை படித்தபோது அவ்வரிகளில் ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, என்ன சொல்கிறான் என்று பார்க்கவில்லை.

அவன் ஏன் தன் முகத்தைக் காட்டுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் நான்தான். வெட்கத்தோடு இதை எழுதுகிறேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் நாடு முடங்கியபோது, நம்மில் பலரைப்போல் நானும் காணொளிப் பாடங்கள் தயாரிக்கத் தொடங்கினேன். ஏப்ரலில் யூடியூபில் ஓர் அலைவரிசையைத் திறந்தேன். குறில் நெடில், லகர ளகர ழகர வேறுபாடு, வாக்கியம் அமைத்தல் என ஐந்தைந்து நிமிடப் பாடங்கள். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது மட்டுமே தொடக்கத்தில் நோக்கம். சில மாதங்கள் கழித்து, இதில் வருமானமும் வரும் என்று தோழி ஒருவர் சொன்னார். ஆசை வந்தது. ஆசைப்பட்டதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அரசு ஊழியர் வேறு வருமானம் தேடுவதானால் முன்கூட்டியே எழுத்துவழி அனுமதி பெற வேண்டும். 1993-ஆம் ஆண்டின் நடத்தை, கட்டொழுங்கு விதிகளில் 5-ஆம் விதி அதைத்தான் கூறுகிறது. தலைமையாசிரியர்வழி விண்ணப்பித்து அனுமதியும் பெற்றேன். விதிகளை எல்லாம் ஒழுங்காகப் பின்பற்றினேன். என் தவறு விதிப்புத்தகத்தில் இல்லாத இடத்தில் நிகழ்ந்தது.

யூடியூபில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு, பன்னிரண்டு மாதங்களுக்குள் நம் காணொளிகளை மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டில் வந்த நிபந்தனை இது. 4,000 மணி நேரம் என்பது சொல்வதற்கு எளிது. ஐந்து நிமிடக் காணொளி ஒன்றை முழுமையாக 48,000 முறை பார்த்தால்தான் அத்தனை மணி நேரம் சேரும். எட்டு மாத உழைப்பிற்குப் பின் எனக்குச் சேர்ந்தது 850 மணி நேரம்!

2021-ஆம் ஆண்டு சனவரியில் மீண்டும் இல்லிருப்புக் கற்றல். கூகுள் மீட்டில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு வாசிப்புப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். ‘அரசர் அரண்மனையில் வீற்றிருந்தார்’ என்பது வாக்கியம். ஒரு மாணவன், ‘அரசர் அரண்மனையில் விற்றிருந்தார்’ என்று படித்தான். நெடிலைக் குறிலாக்கிவிட்டான். திருத்துவதற்காக, “அரசர் எதை விற்றார்?” என்று கேட்டேன். “அரண்மனைய வித்துட்டாரு டீச்சர்” என்றான். “ஏன் விற்றார்?” என்றேன். அவன் மிகவும் தீவிரமாக யோசித்து, “பேங்க் கடன் கட்ட முடியல போல” என்றான். நான் சிரித்துவிட்டேன். மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவன் மேலும் மேலும் விளக்கம் சொன்னான். மூன்று நிமிடம் போயிற்று.

வகுப்பு பதிவாகிக்கொண்டிருந்தது. அன்றிரவே அந்த மூன்று நிமிடத்தை வெட்டி எடுத்து, ‘அரண்மனையை விற்ற அரசர்’ என்று தலைப்பிட்டு என் அலைவரிசையில் போட்டேன். அவன் பெற்றோரிடம் கேட்கவில்லை. அவனிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. குழந்தையின் குறும்புதானே, எல்லாரும் இரசிக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் 96,000 பேர் பார்த்தார்கள். புலனக் குழுக்களில் எனக்கே அது திரும்பி வந்தது. சந்தாதாரர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பார்த்த நேரம் 3,200 மணி நேரம் கூடி, மொத்தம் 4,050 ஆயிற்று. எட்டு மாதத்தில் என் இலக்கணப் பாடங்கள் செய்ய முடியாததை ஒரு சிறுவனின் பிழை பதினான்கு நாளில் செய்து முடித்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2020 சனவரி முதல், சிறுவர்களுக்கான காணொளி என்று நாம் குறித்துவிட்டால் யூடியூப் அதில் பார்வையாளரின் விருப்பமறிந்து காட்டும் விளம்பரங்களை இடுவதில்லை. கருத்துப் பெட்டியும் மூடப்படும். என் பாடங்களை எல்லாம் அப்படித்தான் குறித்திருந்தேன். அவற்றில் விளம்பர வருவாய் குறைவு. ஆனால், அந்தச் சிறுவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் பெரியவர்கள். ஆகவே அக்காணொளி பெரியவர்களுக்கானது. அதன் கருத்துப் பெட்டி திறந்தே இருந்தது. சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் காசு குறைவு. சிறுவனைக் காட்டிச் சிரிக்க வைத்தால் காசு அதிகம். இந்தக் கணக்கை அன்று நான் யோசிக்கவில்லை.

மார்ச்சு மாதம் பள்ளி திறந்தது. அவன் வாய் திறக்கவில்லை. வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்றான், புத்தகத்தைப் பார்த்தான், அமர்ந்துவிட்டான். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் நடந்தபோதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அவனைப் பார்த்து, “டேய் அரண்மனை, எவ்வளவுக்குடா வித்த?” என்று கத்தினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அவன் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். தாயார்தான் பேசினார். அவர் கோபப்படவில்லை. “டீச்சர் போட்டதுன்னு தெரிஞ்சதும் என்ன சொல்றதுன்னே தெரியல” என்றார். அப்பாவுடைய லோரியைத் தவணை கட்ட முடியாமல் வங்கி எடுத்துச் சென்று ஒரு மாதம்தான் ஆகியிருந்ததாம். பிள்ளை வீட்டில் கேட்டதையும் பார்த்ததையும் வைத்து அரசரின் துன்பத்தைப் புரிந்துகொண்டிருக்கிறான். நாங்கள் 96,000 பேர் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

உடனே அக்காணொளியை நீக்கிவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மை அதுவன்று. நீக்கப்பட்ட காணொளியின் மணி நேரம் தகுதிக் கணக்கில் சேராது. நீக்கினால் 4,050 மறுபடியும் 850 ஆகிவிடும். முதலில் விண்ணப்பித்து அனுமதி வாங்கிக்கொண்டு பிறகு நீக்கலாமா என்று யோசித்தேன். இரண்டு இரவுகள் யோசித்தேன். பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்தவள், இருபது ஆண்டுக்காலம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பிழைத்தவள், இரண்டு இரவுகள் கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதன் பிறகுதான் நீக்கினேன்.

நீக்கியும் பயனில்லாமல் போனது வேறு கதை. பதிவிறக்கி வைத்திருந்தவர்கள் அதைத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். சிலரிடம் கேட்டு நீக்க வைத்தேன், எல்லாரிடமும் முடியவில்லை. அவன் மீண்டும் பள்ளிக்கு வந்தபோது வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையை ஆட்டினான். வகுப்பில் மீண்டும் உரக்க வாசிக்க அவனுக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்த மாணவனின் கட்டுரையில்தான், மூன்றாண்டுகள் கழித்து, ‘இது தொழிலன்று’ என்று சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்!

தாயார் சென்ற பிறகு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். சமூக ஊடகத்தில் மதிப்போடு பிழைப்பது எப்படி என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. பிறர் முகத்தை விற்காமல், தன் முகத்தையும் விற்காமல், செய்யும் பொருளைக் காட்டி விற்கிறார்கள். தெரியாமல் இருந்தது ஆசிரியருக்குத்தான்.

அதற்காக, பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘யூடியூபர் ஆவேன்’ என்று பிள்ளை சொன்னால் நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஏளனம் செய்கிறோம், அல்லது யாராவது ஒருவரைக் காட்டி, அவர்கள் சம்பாதிக்கவில்லையா என்று ஊக்குவிக்கிறோம். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சுகு பவித்ரா இணையர் மலாய்மொழியில் சமைத்துக்காட்டிய காணொளிகள் நாடெங்கும் பேசப்பட்டன. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து வரும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைப் பெற்றது. நம் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பது இத்தகையவற்றைத்தான். ஆனால், அந்தத் தாத்தாவும் பேரன்மார்களும் விறகும் அண்டாவும் சுமப்பதையும், ஒருவர் சமைக்க ஒருவர் படம்பிடிக்க ஒரு குடும்பமே உழைப்பதையும் யார் எடுத்துச் சொல்கிறோம்? ஏளனமும் வேண்டா, வெறும் ஊக்கமும் வேண்டா. கணக்கைச் சொல்லிக்கொடுப்போம்.

அதைத்தான் பிறகு வகுப்பில் செய்தேன். என் அலைவரிசையின் கணக்கையே கரும்பலகையில் எழுதினேன். மறுபடியும் 4,000 மணி நேரத்தை எட்ட எனக்கு 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதி ஆயிற்று. நம் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியை உறுதிப்படுத்தும் இரகசிய எண் அஞ்சலில் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வரும். காணொளியில் வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு நமக்கு. 45 விழுக்காடு யூடியூபுக்கு. எனக்கு முதல் தொகை 2023-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வந்தது. ஏறத்தாழ 460 வெள்ளி. வாரத்திற்கு 5 மணி நேரம் என்று மூன்றாண்டுக்குக் கணக்கிட்டால் 780 மணி நேரம் உழைத்திருக்கிறேன். “ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?” என்று கேட்டேன். வகுத்துப் பார்த்தார்கள். 59 காசு! வகுப்பே வாயடைத்துப் போயிற்று. “டீச்சர், முறுக்குல அதைவிட நல்லா வரும்” என்று ஒரு குரல் கேட்டது. யாருடைய குரல் என்று சொல்லத் தேவையில்லை.

அன்றுதான் அவனை முன்னால் அழைத்தேன். அவன் விரும்பினால் மட்டும் வரலாம் என்று சொல்லித்தான் அழைத்தேன். வந்தான். முறுக்கின் கணக்கை அவனே எழுதினான். மாவு, எண்ணெய், எரிவாயு, பொட்டலம், அஞ்சல் செலவு, உடைந்து போகும் முறுக்கு என்று வரிசையாகக் கழித்தான். காணொளி பணம் தருவதில்லை, அது ஆளைக் கூட்டி வருகிறது, முறுக்குதான் பணம் தருகிறது என்று மிகத் தெளிவாகச் சொன்னான். சமூக ஊடக வணிகத்தைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களுள் அதைவிடச் சிறந்த ஒன்று இல்லை.

பெற்றோர்களும் ஆசிரியர்களும் மனத்தில் கொள்ள வேண்டியவற்றை என் அனுபவத்திலிருந்து தொகுத்துத் தருகிறேன்.

1. வயதைப் பாருங்கள். யூடியூப், டிக்டாக் போன்றவற்றில் சொந்தக் கணக்கு வைத்துக்கொள்ளக் குறைந்த வயது 13 என்பது அந்நிறுவனங்களின் பொதுவிதி. விளம்பரப் பணம் பெறும் கணக்குக்கு 18 வயது வேண்டும். 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கப் போவதாக நம் அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு வயது 12. ஆகவே கணக்கும் பொறுப்பும் பெற்றோருடையவை.

2. எதை விற்கிறோம் என்று கேளுங்கள். கைத்தொழில், அறிவு, கதை, பாட்டு, சமையல், இவற்றுள் ஒன்று கையில் இருந்தால் ஊடகம் அதனை ஊருக்குக் கொண்டுபோகும். ஒன்றும் இல்லையென்றால் முகத்தையும் மானத்தையும் விற்க நேரும்.

3. கணக்கு எழுதப் பழக்குங்கள். வருவாய் வந்தால் உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் அதையும் காட்ட வேண்டும். விளம்பரத்துக்காக நிறுவனங்கள் இலவசமாகக் கொடுக்கும் பொருளும் வருமானமே.

4. மொழியை விடாதீர்கள். நல்ல தலைப்பு, பிழையற்ற விளக்கம், கேட்பவர் நெஞ்சில் பதியும் பேச்சு, இவை எல்லாம் கட்டுரைப் பாடத்தில்தான் இருக்கின்றன. ‘ஒழுங்காகப் படி’ என்று மட்டும் எழுதாமல், எதற்காகப் படிக்க வேண்டும் என்பதையும் நான் எழுதியிருக்க வேண்டும்.

5. பிள்ளையின் அழுகையையும் பிழையையும் பதிவேற்றாதீர்கள். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள். வேண்டா என்றால் விட்டுவிடுங்கள். ஆசிரியர்களே, வகுப்பறை நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட இடம். அங்கே பிள்ளை செய்யும் தவறு நாம் திருத்துவதற்கு உரியது. ஊருக்குக் காட்டுவதற்கு உரியதன்று.

என் அலைவரிசை இன்றும் இருக்கிறது. இலக்கணப் பாடங்கள் தொடர்கின்றன. அவற்றில் என் குரலும் என் கையெழுத்தும் மட்டுமே இருக்கும். மாணவர் எவருடைய முகமும் இல்லை. வருமானம் மிகச் சொற்பம்.

அந்தக் கட்டுரை நோட்டை மறுநாள் அவனிடம் கேட்டு வாங்கினேன். நான் எழுதிய சிவப்பு வரியைக் கோடிட்டு அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் என் கையொப்பத்தை இட்டேன். மாணவர்கள் பிழை செய்தால் பிழைதிருத்தம் எழுதச் சொல்வோம் அல்லவா? கீழே நானும் ஒரு பிழைதிருத்தம் எழுதினேன். ‘இது தொழில்தான். நீ அதை நேர்மையாகச் செய்கிறாய். வல்லினம் மிகும் இடங்களை மட்டும் இன்னும் கொஞ்சம் கவனி.’

அவன் படித்தான். சிரித்தான். தீபாவளிக்கு என் வீட்டுக்கு ஒரு பொட்டலம் முறுக்கு வந்தது. பணம் கொடுத்துத்தான் வாங்கிக்கொண்டேன்.